பேட்டரி பூட்டுச் சாவிக்கு 3,480 ரூபாய் தண்டம் கட்டிய கதை

3,480 ரூபாய். எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நானே சோபாவில் உட்கார்ந்து, இரண்டு தவணையாக, யூபிஐயில் அனுப்பி வைத்தேன்.

என்னிடம் இருப்பது எலக்ட்ரிக் சைக்கிள். 36 வோல்ட் பேட்டரி, ஃபிரேமின் சாய்வுக் குழாய்மேல் படுத்திருக்கும் வகை. சாவி போட்டுக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடுவேன். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, கீழே பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட்டும் இல்லை. வாங்கும்போது கொடுத்த இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்த புத்திசாலி நான். போன மாதக் கடைசியில் காய்கறி வாங்கப் போன இடத்தில் வளையம் மொத்தமாகப் போய்விட்டது.

என் வண்டியை ஓட்டச் சாவி வேண்டாம், சுவிட்ச் தனி. ஆனால் சார்ஜ் இறங்கிவிட்டால் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியையே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தம்பியும் நானும் ஒரு தடவை ஏற்றினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஹேண்டில்பார் இடித்துப் பெயர்ந்த சுவரை வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கிய கடையில் கேட்டால், "பூட்டு மட்டும் தனியா வராதும்மா, பேட்டரி கேஸோடதான் வரும், மூணு வாரம் ஆகும்" என்றார்கள். அப்போதுதான் எலக்ட்ரிக் சைக்கிள் உதிரிபாகம் மட்டுமே விற்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, எப்படியும் அடுத்த மாதம் வேறு பெயரில் இருப்பார்கள்.

நான் விழுந்த இடம் இதுதான், கவனமாகப் படியுங்கள். போன் எடுத்தவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, பூட்டு மேல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். ஈரத்துணியால துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க" என்றான். கீழே இறங்கிப் போய்த் துடைத்தேன். இரண்டு வருட அழுக்குக்கு அடியில், சாவி நுழையும் ஓட்டையைச் சுற்றி, குட்டி குட்டியாக நாலு எண்கள்! வண்டி விற்ற கடைக்காரரே சொல்லாத விஷயம். அந்த நம்பரை வைத்தே சாவி வெட்டலாம், பழைய சாவி தேவையில்லை என்றான். அதுவும் உண்மைதான். பல பூட்டுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். பாதி உண்மையைச் சரியாகச் சொல்கிறவன் மீதியில் பொய் சொல்வான் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

முதலில் 1,380 ரூபாய். நம்பருக்கு வெட்டிய இரண்டு சாவி, பத்திரத்துக்கு ஒரு புதுப் பூட்டு. அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அவனே கூப்பிட்டான்: "அக்கா, பூட்டையும் பேட்டரியையும் மேட்ச் பண்ணி ப்ரோக்ராம் போடணும், இல்லன்னா பேட்டரி லாக் ஆயிடும், 2,100 ஆகும்." கார் சாவிக்கு அப்படி ஏதோ உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பேட்டரி போனால் அதைவிடப் பெரிய செலவு என்ற பயம் வேறு. அதையும் அனுப்பினேன். ஆக 3,480.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, அந்தப் பூட்டுக்குள்ள ஒயர் ஏதாவது போகுதா?"

போகவில்லை. ஒரு இரும்பு நாக்கு பேட்டரியின் பள்ளத்தில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். பீரோ பூட்டுக்கு ப்ரோக்ராம் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். இதற்கு 2,100 கொடுத்திருக்கிறேன். (சில பேட்டரிகளில் சாவியைத் திருப்பினால்தான் பவர் வரும், அதில் ஒயர் இருக்கும். அதற்கும் ப்ரோக்ராம் கிடையாது, அது வெறும் சுவிட்ச்தான்.)

ஆறு நாள் கழித்துப் பார்சல் வந்தது. உள்ளே மேஜை டிராயருக்குப் போடும் பூட்டு ஒன்று, அதற்கு இரண்டு சாவி. என் பூட்டில் அந்தச் சாவி பாதிகூட நுழையவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. முதல் நாள், "டீம்ல சொல்லியிருக்கேன்." இரண்டாம் நாள், "பார்சல் பிரிச்சப்போ வீடியோ எடுத்தீங்களா? வீடியோ இல்லாம ரிட்டர்ன் இல்லை மேடம்." அக்கா மேடம் ஆனதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், தவறான நம்பரைக் கொடுத்தது நான்தானாம். போட்டோவே அனுப்பியிருக்கிறேன் என்றேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று வாட்ஸ்அப்பில் அவன் முகப்புப் படமே காணவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் கட்.

இன்று சைதாப்பேட்டை வரை பெடல் மிதித்தே போனேன். மார்க்கெட் பக்கம் குடை விரித்துச் சாவி போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெற்றுச் சாவியை நுழைத்துத் திருப்புவார், எடுத்து வெயிலில் பிடித்து, அதில் விழுந்த தடத்தைப் பார்ப்பார், அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழு. மறுபடி நுழைப்பார். முக்கால் மணி நேரம். சாவி திரும்பியது, பேட்டரி மட்டும் வரவில்லை. "பேட்டரிய ஒரு கையால கீழ அமுக்கும்மா, நாக்கு மேல வெயிட் நிக்குது" என்றார். அமுக்கினேன். டக்கென்று விட்டது. இரண்டு சாவிக்கும் சேர்த்து 400 ரூபாய். 3,480 கதையைச் சொன்னதும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. சுருக்கமாக: வண்டி வாங்கிய அன்றே சாவி நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள், ஒரு சாவியை வீட்டில் வையுங்கள். பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். பென்சில் கரித்தூள் போதும். யார் சொன்னாலும் சட்டென்று ட்ரில் போட விடாதீர்கள். இரும்புத்தூள் பேட்டரி முனைகளில் விழுந்து ஷார்ட் ஆனால் தீப்பொறிதான். பணம் போனது தெரிந்தவுடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல "டீம்" பதில் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். பொருள் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

நான் இப்போதுதான் 1930க்குப் போட்டிருக்கிறேன். பணம் அனுப்பிய நேரம் கேட்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் தேடிக்கொண்டிருக்கிறேன்.