கட்டான்: சரக்கு இருந்தால்தான் துறைமுகம்

கட்டான் எந்த வரைபடத்திலும் இல்லாத தீவு. ஜெர்மனியின் கிளாவ்ஸ் டாய்பர் வடிவமைத்து 1995-ல் வெளியான இந்த போர்டு கேமில் மூன்று அல்லது நான்கு பேர் அங்கே குடியேறுகிறார்கள். படையெடுப்பு கிடையாது. ஒருவர் கட்டிய வீட்டை இன்னொருவர் இடிக்கவும் முடியாது. கொடுக்கல் வாங்கல் செய்து, கட்டிப் பெருக்கி, முதலில் 10 புள்ளி சேர்ப்பவருக்கு வெற்றி. பேரம் பேசப் பிடித்த மூன்று பேர் வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாய் திறக்காமல் விளையாடுபவர்களுக்கு இது சுவைக்காது.

தீவு 19 அறுகோண அட்டைகளால் ஆனது. பாலைவனம் தவிர ஒவ்வொன்றிலும் ஓர் எண் வில்லை இருக்கும்; பகடையில் அந்த எண் விழுந்தால், அட்டையின் முனையில் வீடு வைத்திருப்பவருக்கு அந்த நிலத்தின் சரக்கு கிடைக்கும். காடு, வயல், மேய்ச்சல் நிலம் தலா 4. செங்கல் மேடும் மலையும் தலா 3 தான். பாலைவனம் 1. ஆகவே செங்கலுக்கும் தாதுவுக்கும் தட்டுப்பாடு வர வாய்ப்பு அதிகம். முதல் வீட்டை வைக்கும் முன் அந்த ஆறு அட்டைகளில் என்ன எண்கள் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு பகடைகளில் 6, 8 ஒவ்வொன்றும் 36-ல் 5 வழிகளில் விழும்; 2, 12 ஒரே வழியில்தான். செங்கலுக்கு 2, 3, 12 என்று அமைந்துவிட்டால் சாலை போடுவதே பெரும்பாடு. அன்றைக்குச் செங்கல் வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை.

புதியவர்கள் சறுக்குவது துறைமுகத்தில்தான். மொத்தம் 9. நான்கில் ஒரே வகைச் சரக்கு மூன்றுக்கு ஒன்று மாற்றலாம். மற்ற ஐந்தில் குறிப்பிட்ட ஒரு சரக்கு மட்டும் இரண்டுக்கு ஒன்று. துறைமுகமே இல்லாதவர் வங்கியிடம் நான்கு கொடுத்து ஒன்று வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் எல்லாரும் கரைக்கு ஓடுகிறார்கள். ஆனால் கரையோர முனை இரண்டு நிலங்களையோ ஒன்றையோதான் தொடும். உள்நாட்டு முனை மூன்றைத் தொடும். விளைச்சல் இல்லாதவருக்குத் துறைமுகம் இருந்தும் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேய்ச்சல் நிலம் 6-லும் 9-லும் உங்களுக்கு ஒவ்வொரு வீடு இருந்தால், சராசரியாக நான்கு உருட்டலுக்கு ஒரு கம்பளி வரும். நான்கு பேர் ஆட்டத்தில் அது சுற்றுக்கு ஒன்று. கம்பளித் துறைமுகம் இருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வேண்டிய சரக்கு கையில். இல்லாவிட்டால் நான்கு சுற்று காக்க வேண்டும். வீடுகளை நகரமாக்கினால் வரவு இரட்டிப்பாகும். எனவே முதல் இரண்டு வீடுகளை விளைச்சலுக்கு வையுங்கள். சாலையை மட்டும் துறைமுகம் நோக்கித் திருப்புங்கள். கொள்ளைக்காரன் என்னும் காய் தான் நிற்கும் நிலத்தின் விளைச்சலைத்தான் தடுக்கும், துறைமுகத்தை அல்ல. பலர் இதைத் தவறாக விளையாடுகிறார்கள்.

வேறு சில தவறுகளும் அடிக்கடி நடக்கும். பகடை உருட்டியவரோடு மட்டுமே வியாபாரம். மற்றவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது. இனாமாகக் கொடுப்பதும் கூடாது. ஒருவர் ஒரே சரக்கை எல்லாருக்கும் மலிவாகத் தள்ளினால் கவனம் தேவை: அவர் கையில் ஏகபோகச் சீட்டு (எல்லாரிடமும் உள்ள ஒரு வகைச் சரக்கு முழுவதையும் பறிக்கும் வளர்ச்சிச் சீட்டு) இருந்தால், விற்றதையெல்லாம் தன் முறை முடிவதற்குள்ளேயே திரும்பப் பிடுங்கிவிடுவார். விதி அதை அனுமதிக்கிறது.

நகரத்துக்கு 3 தாது, 2 கோதுமை வேண்டும் என்பதால் சரக்குச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கத் தோன்றும். 7 விழும்போது கையில் 8 இருந்தால் 4 போய்விடும். 7 விழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஏழுக்கு மேல் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் பகடையைத் தராதீர்கள், நஷ்டமானாலும் மாற்றிவிடுங்கள்.

குறை என்றால் பகடைதான். 8-ஐ நம்பி வீடு கட்டியவர் அது விழாமலே முக்கால் மணி நேரம் சும்மா உட்கார நேரும். இதற்கு எளிய வழி உண்டு. 36 துண்டுச் சீட்டுகளில் 2 ஒன்று, 3 இரண்டு, 4 மூன்று என ஏற்றி, 7 ஆறு வரை எழுதி, அதே வரிசையில் 12 ஒன்று வரை இறக்குங்கள். பகடைக்குப் பதில் அவற்றை எடுங்கள். கடைசி ஐந்து மிஞ்சும்போது மறுபடி கலக்கவும். இல்லாவிட்டால் வரப்போவதை எண்ணிவிடுவார்கள்.

கள்ளப் பிரதிகளும் விற்பனையில் உலவுவதால் பெட்டியைத் திறந்ததும் எண்ணிப் பாருங்கள். ஐந்து சரக்குக்கும் தலா 19 சீட்டு, வளர்ச்சிச் சீட்டு 25, எண் வில்லை 18, ஆளுக்கு 5 வீடு, 4 நகரம், 15 சாலை. முதல் ஆட்டத்துக்கு விதிப்புத்தகத்தில் உள்ள அமைப்பையே பயன்படுத்துங்கள். ஐந்து, ஆறு பேர் என்றால் தனி விரிவாக்கப் பெட்டி வேண்டும்.