அச்சுப் படகா, பட்டறைப் படகா: விற்கும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

வட கரோலினாக் கடலோரத்தில் ஒரு படகு உரிமையாளரின் சார்பாகக் கட்டுமானத்தைக் கண்காணிக்கும் பொறியாளன் என்ற முறையில், அறுபதடிக்குச் சற்று மேற்பட்ட ஸ்போர்ட்ஃபிஷிங் (பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போடுவதற்கான) படகு ஒன்றை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல வேண்டியிருந்தது. நியூ ஜெர்சியின் நியூ கிரெட்னாவில் 1964 முதல் இயங்கிவரும் வைக்கிங் போன்ற நிறுவனங்கள் அச்சில் வார்த்து முடித்துத் தரும் ஃபைபர் படகு ஒரு பக்கம். வட கரோலினாவின் வான்சீஸ், போஃபர்ட் போன்ற ஊர்களின் பட்டறைகள் ஒருவருக்கென்றே மரத்தாலும் எபாக்ஸி என்னும் பிசின் பசையாலும் கட்டித் தரும் படகு இன்னொரு பக்கம். நாங்கள் பட்டறைப் படகைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டிலும் எம்டியு, மேன், கேட்டர்பில்லர் ஆகியவைதாம் பொருத்தப்படுகின்றன. ஆட்டத்தைக் குறைக்கும் சீக்கீப்பர் கருவியும் அப்படியே. காலமும் பணமும் அச்சுப் படகுக்கே சாதகமானவை: விலை முன்கூட்டியே தெரியும், சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். பட்டறையிலோ முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆவது வழக்கம். உழைப்பு நேரத்துக்கும் பொருளுக்கும் தனித்தனியே கணக்கிடும் ஒப்பந்தமாக இருந்தால், இடையில் மனம் மாறும் ஒவ்வொரு முறையும் தொகை ஏறும்.

அப்படியிருந்தும் ஏன் பட்டறை என்பதற்கு முதல் காரணம் அந்தக் கடல். 1846-இல் ஒரு புயல் மணல்தீவை உடைத்துத் திறந்த ஆரிகன் இன்லெட் என்ற கடல்வாய் வழியாகத்தான் வான்சீஸ் படகுகள் வெளிக்கடலுக்குப் போகின்றன. அங்கே மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை உடைந்து முகத்தில் அறையும். தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்படி அகன்று விரியும் அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, இங்குள்ள படகு கட்டுநர்களான வாரன் ஓ'நீலும் அவரையொட்டி வந்த ஓமி டில்லெட் போன்றவர்களும் இந்தத் தேவையிலிருந்துதான் செதுக்கி எடுத்தார்கள். ஃபைபர் இந்தக் கடலுக்கு ஆகாது என்று இதற்குப் பொருளல்ல. இதே ஹட்டரஸ் முனைக் கடலை மனத்தில் வைத்து, அதே பெயரில் ஒரு நிறுவனம் 1960-இல் தன் முதல் 41 அடி ஃபைபர் படகை இறக்கியது. அதை வார்த்தது ஹை பாயின்ட் என்ற, கடலே தெரியாத நாற்காலி மேசைத் தொழில் நகரத்தில் என்பது வேடிக்கை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனை. இதைச் சொன்னால் பலர் வியப்பார்கள், ஏனெனில் விற்கும்போது அச்சுப் படகே மேல் என்பதுதான் பொதுக்கருத்து. அச்சுப் படகின் விலை அடுக்குமாடி வீட்டின் விலையைப் போன்றது. பக்கத்துத் தளம் போன மாதம் என்ன விலைக்குப் போனது என்பதைக் கொண்டு தரகரும் வங்கியும் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த வசதிக்குள்ளேயே ஒரு சங்கடமும் இருக்கிறது: நாம் விற்க வரும் நாளில் அதே மாடல் இன்னும் நான்கைந்து சந்தையில் நின்றால், அவற்றுள் மிக அவசரமாக விற்பவர் கேட்கும் விலையே நம் விலையாகிவிடும். நிறுவனம் புதிய மாடலை வெளியிட்டால் பழையது ஒரே நாளில் பழசாகத் தெரியும். பட்டறைப் படகுக்கு இணையாக வைத்துப் பார்க்க இன்னொன்று இல்லை. அதனால் விலையைச் சொல்வதும் கடினம், அடித்துக் குறைப்பதும் கடினம்.

ஆனால் இந்தச் சாதகம் தானாகக் கிடைப்பதன்று. மரப் படகு என்ற சொல்லைக் கேட்டதுமே வாங்க வருபவருக்கு இற்றுப்போதல் நினைவுக்கு வருகிறது. இன்றைய முறையில் ஒகூமே என்ற மரத்தின் மெல்லிய ப்ளைவுட்டை அடுக்கடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்கே, எபாக்ஸியில் ஒட்டி வெளியே கண்ணாடியிழை போர்த்துகிறார்கள். எபாக்ஸி முழுமையாக மூடியிருக்கும்வரை உள்ளே ஈரம் போக வழியில்லை. ஆபத்து வருவது பிற்காலத்தில் யாரோ போடும் துளையில்தான். தூண்டில் தாங்கி ஒன்றைப் பொருத்த வேண்டுமானால் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளையிட வேண்டும். அப்போதுதான் திருகு மரத்தைத் தொடாது. அவசரத்தில் நேரடியாகத் திருகிவிட்டால் மேல்தளத்து மழைநீர் அந்த வழியே மெல்ல இறங்கும். உப்புநீரைவிட நன்னீரே மரத்துக்குப் பகை. ஆய்வாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஈரமானியை வைக்கும்போது அந்த ஒரு துளை பேரத்தையே முறித்துவிடக்கூடும்.

ஆகவே கட்டத் தொடங்கிய நாளிலேயே விற்பனைக்கான கோப்பும் தொடங்கிவிட வேண்டும். படகின் சட்டகத்தை நிறுத்தியது, ஒவ்வோர் அடுக்கும் ஒட்டியது, கவிழ்த்துக் கட்டிய உடலை நிமிர்த்தியது, கம்பியும் குழாயும் மூடப்படுவதற்கு முன் ஓடிய பாதை ஆகிய அனைத்தையும் நாங்கள் படமெடுத்துத் தேதியிட்டு வைத்தோம். தேக்குக்கான ரசீதுகளும் அதில் உண்டு. நம் பழைய வீட்டுக் கதவுகளிலுள்ள அதே பர்மா தேக்குதான் இந்தப் படகுகளின் பின்புறத்திலும் மின்னுகிறது. 2021-இல் மியான்மர் அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்கா தடை விதித்தபின், மரம் வந்த வழியைக் காட்டும் தாளுக்கும் மதிப்பு வந்துவிட்டது.

சந்தைப்படுத்தும் வழியும் வேறு. பெரிய நிறுவனம் ஃபோர்ட் லாடர்டேல் படகுக் கண்காட்சியில் வரிசையாகக் கட்டி நிறுத்தும். பட்டறைப் படகு விலைபோவது மோர்ஹெட் சிட்டியில் 1957 முதல் நடந்துவரும் பிக் ராக் மார்லின் மீன்பிடிப் போட்டி போன்ற இடங்களின் துறைமேடையில். அங்கே பணம் கொடுப்பவர் முதலாளி என்றாலும், வாங்கலாமா என்று சொல்பவர் அவருடைய கேப்டன். தூண்டிலில் சிக்கிய மீனை நோக்கிப் பின்புறமாகச் செலுத்தும்போது படகு சொன்னபடி கேட்கிறதா, எஞ்சின் அறையில் கை நுழைகிறதா என்று அவர் பார்ப்பார். வரவேற்பறைச் சோபாவின் நிறம் அவருக்குப் பொருட்டன்று. இதனால்தான் உரிமையாளர் விரும்பிய இரண்டு படுக்கையறை அமைப்பை நான் எதிர்த்து, அந்த நீளத்துக்கு வழக்கமான மூன்று படுக்கையறையிலேயே நிறுத்தச் செய்தேன். தனிப்பட்ட ரசனையைப் பெயின்ட் நிறத்திலும் துணியிலும் காட்டலாம், ஏனெனில் அவற்றை மாற்றிவிடலாம்; தடுப்புச் சுவரில் காட்டினால் அடுத்தவர் அதற்குப் பணம் தரமாட்டார்.

பத்தாண்டு கடந்த பட்டறைப் படகு எதையும் நானே முன்னின்று விற்றதில்லை என்பதால், மேலே சொன்ன சாதகம் அவ்வளவு காலம் நீடிக்கும் என்று உறுதி கூற மாட்டேன். பெயர் பெறாத பட்டறையில் கட்டிய படகுக்கு இந்த வாதமே பொருந்தாது. மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணமுள்ளவர் அச்சுப் படகை வாங்குவதே முறை. பட்டறையில் கட்டும் காலத்திலேயே அவருடைய பொறுமை பாதி தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவருக்கும் பட்டறைப் படகின்மீதுதான் ஆசை என்றால், வாங்குபவர் கிடைக்குமுன்பே பட்டறை தன் சொந்தக் கணக்கில் கட்டத் தொடங்கியிருக்கும் படகு ஏதேனும் உண்டா என்று விசாரிக்கலாம். விற்பதற்கென்றே கட்டுவதால் அதன் அறை அமைப்பு பொதுவானதாகவே இருக்கும். போதிய அளவு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் நிறத்தையும் மின்னணுக் கருவிகளையும் அவரே தேர்ந்துகொள்ள இடமிருக்கும்.