கோலிக்குண்டா, கிளேஸா?

சூளை ஆறித் திறந்த அன்று அந்த மண் தட்டு கண்ணைப் பறித்தது. நடுவில் ஏழு பச்சைக் கோலிக்குண்டுகள் உருகிச் சிறு குளமாகத் தேங்கியிருந்தன. உள்ளே வலைபோல மெல்லிய கோடுகள். அலமாரியில் வைத்த பிறகும் இரண்டு நாள் ‘டிங், டிங்’ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வாரம் துணியால் துடைத்தபோது கட்டைவிரலில் ரத்தம். கோடுகளில் ஒன்று மீன் செதிளைப்போல விளிம்பைத் தூக்கி நின்றது.

பாட்டில், ஜன்னல் கண்ணாடி, கோலிக்குண்டு மூன்றும் பெரும்பாலும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடிதான். ஒரு டிகிரி சூடேறினால் அது பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். அதிகச் சூட்டில் கல்போல இறுகும் ஸ்டோன்வேர் மண் பொதுவாக 5 முதல் 7 பங்குதான். ஆறும்போது கண்ணாடி கூடுதலாகச் சுருங்கப் பார்க்கிறது, மண் விடுவதில்லை. இந்த இழுபறியில் கண்ணாடி கிழிகிறது. நாம் மயங்கிப் பார்க்கும் அந்த வலைக்கோடுகள் எல்லாம் விரிசல்களே. குளம் தடிமனாக இருந்தால் சில நேரம் தட்டே பிளந்துவிடும்.

மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் பளபளப்புப் பூச்சான கிளேஸும் கண்ணாடிதானே என்று கேட்கலாம். கண்ணாடிதான், ஆனால் மண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நல்ல கலவை மண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே சுருங்கும். அதனால் அழுந்திய நிலையில் இருக்கும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத்தான் தாங்காது. பூச்சும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அதிலுள்ள அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உருகிய கிளேஸை வழியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாட்டில் கண்ணாடியில் அலுமினா ஒன்றிரண்டு சதவீதமே, அதனால் 1,200 டிகிரியில் தேனாக ஓடுகிறது.

பாட்டிலைப் பொடித்துக் கிளேஸில் கலப்பது நடுவழி. உருக்கியாக, அதாவது மற்றவற்றை உருகவைக்கும் பொருளாக, நன்றாகவே வேலை செய்யும். களிமண்ணும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் பொடியும் சேர்த்துச் சோதனை வில்லைகள் சுட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். குவார்ட்ஸ் தூசு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும் என்பதால் முகமூடி அவசியம், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. இந்தத் தொல்லை கிளேஸ் கலக்கும் எல்லோருக்கும் உண்டு.

ஜெய்ப்பூர் நீலப் பாண்டக்காரர்கள் வேறு வழி போனார்கள். குவார்ட்ஸ் பொடி, கண்ணாடிப் பொடி, முல்தானி மிட்டி, பிசின் ஆகியவற்றைப் பிசைந்து பாண்டத்தையே செய்கிறார்கள், வழக்கமான களிமண் கிடையாது. கண்ணாடி அங்கே விருந்தாளியாக வராமல் வீட்டுக்காரராகவே இருக்கிறது.

சாப்பாட்டுப் பாத்திரம் என்றால் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை: அந்த மண்ணுக்குப் பொருந்திய, ஈயமில்லாத கிளேஸ். புளிக்குழம்பு விரிசலில் தங்கும். செதிள் பெயர்ந்தால் வயிற்றுக்குள் போகும். சில சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளில் காட்மியமும், பழைய கிரிஸ்டல் கண்ணாடியில் ஈயமும் உண்டு.

கோலி போட்டே தீருவேன் என்பவர்கள் கைபடாத உயரத்தில் சுவரில் மாட்டும் தட்டில் போடுங்கள். நடு நன்றாகக் குழிந்திருக்கட்டும். அடியில் ஒரு வீணான தட்டையும் வையுங்கள். இன்னொரு கிண்ணத்திலிருந்து வழிந்த கண்ணாடியைச் சூளைப் பலகையிலிருந்து உளியால் பெயர்க்க எனக்கு அரை நாள் ஆனது. பலகையின் ஒரு முனையும் கூடவே வந்துவிட்டது.