புது டவுன் ட்யூன் கிடார் மூணு வாசிச்சு பாத்தேன், நடுவுல ஒரு பாஸ் வாசிக்கற அண்ணன் வந்தாரு

டவுன் ட்யூன் கிடார், அதாவது வழக்கமான சுருதிய விட கீழ எறக்கி வாசிக்கற கிடார், வாங்க போறவங்க நிறைய பேர் ஆம்ப்ல கெய்ன (சத்தத்த கரகரப்பாக்கற நாப்) முழுசா ஏத்தி வச்சு கீழ் ஸ்ட்ரிங்க ஓப்பன்ல நாலு அடி அடிச்சு பாத்துட்டு "செம ஹெவிடா" ன்னு சொல்லி அங்கயே முடிவு பண்ணிடறாங்க. அவ்ளோ டிஸ்டார்ஷன்ல எந்த கிடாரும் ஹெவியாதான் கேக்கும். கிடாரோட உண்மையான குணம் தெரியறது க்ளீன்ல (டிஸ்டார்ஷன் இல்லாம), அதுவும் அந்த கீழ் ஸ்ட்ரிங்ல மேல 10, 12வது ஃப்ரெட் பக்கம் போய் ஒரு நோட்ட நிறுத்தி கேக்கும்போது. அந்த நோட்டு நோட்டாவே நின்னா நல்ல கிடார், கொழகொழன்னு ஆடுச்சுன்னா என்ன பிராண்டா இருந்தாலும் வச்சுட்டு வந்துடலாம். இந்த ரிவ்யூ முழுக்க இத வச்சுதான் எழுதறேன், அதனால முதல்லயே சொல்லிடறேன்.

மொதல்ல டென்ஷன் விஷயம். சாதாரண 25.5 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) கிடார்ல 10-46 செட் (மெல்லிசு ஸ்ட்ரிங் 0.010 இன்ச், தடி ஸ்ட்ரிங் 0.046 இன்ச்) போட்டு ஸ்டாண்டர்ட் ட்யூனிங் வச்சா கீழ் ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், அதுல இழுப்பு சுமாரா 17.5 பவுண்ட். அதே ஸ்ட்ரிங்க அப்படியே ஏ வரைக்கும் எறக்குனா 55 ஹெர்ட்ஸ், இழுப்பு 8 பவுண்ட் கூட வராது. ஏன்னா ஃப்ரீக்வன்ஸி எவ்ளோ கொறையுதோ அதோட வர்க்க கணக்குல டென்ஷன் கொறையும். பாதிக்கும் கீழ போயிடுச்சு, அப்பறம் அது ஸ்ட்ரிங் இல்ல, துணி காயப்போடற கொடி. இத சரி பண்ண ரெண்டே வழி, ஒண்ணு தடிமனான ஸ்ட்ரிங், இன்னொண்ணு ஸ்கேல் லெங்த்த கூட்டறது. ஸ்கேலும் அதே வர்க்க கணக்குதான், 25.5ல இருந்து 26.5 போனா 8 சதவீதம் டென்ஷன் கூடும், 27 போனா 12, 29.75 போனா 36. ஸ்ட்ரிங்க மட்டும் தடியாக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல அது கம்பி மாதிரி விறைப்பா ஆகி ஓவர்டோன் எல்லாம் சுருதி விலகி மந்தமா கேக்கும், அதனாலதான் ரெண்டையும் சேத்து செய்யணும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு விஷயம் இருக்கு. டவுன் ட்யூனிங்க்கு எல்லாரும் மொதல்ல சொல்ற பேரு பிளாக் சபாத் பேண்டோட கிடாரிஸ்ட் டோனி அயோமி. 17 வயசுல ஃபேக்டரில மெஷின்ல கை மாட்டி வலது கைல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அவரு இடது கை பழக்கம்ங்கறதால ஃப்ரெட் புடிக்கற கையே அதுதான். விரல் நுனிக்கு தானே உறை செஞ்சு மாட்டிக்கிட்டு, மெல்லிசு ஸ்ட்ரிங் போட்டு, 1971 வாக்குல மூணு செமிடோன் எறக்கி சி ஷார்ப்ல வாசிக்க ஆரம்பிச்சாரு. அதாவது அவருக்கு ஸ்ட்ரிங் தளர்வா இருந்தா விரலுக்கு சுகம். இன்னிக்கு வர்ற கிடார் எல்லாம் நேரெதிரா, சுருதி கீழ போகணும் ஆனா தளரவே கூடாதுன்னு உக்காந்து டிசைன் பண்றாங்க. 1990ல கிடாரிஸ்ட் ஸ்டீவ் வாய் கூட சேந்து ஐபனேஸ் யுனிவர்ஸ் 7 ஸ்ட்ரிங் கொண்டு வந்தாங்க, அதுக்கப்பறம் கார்ன் பேண்ட் பசங்க அந்த ஏழாவது ஸ்ட்ரிங்கையும் ஏ வரைக்கும் எறக்குனாங்க, அங்கேந்து இந்த சந்தை பெருசாகிட்டே வருது.

சரி கிடாருக்கு வர்றேன். நான் வாசிச்சது மூணு, ஐபனேஸ் ஆர்ஜிடி வரிசைல ஒரு ஆறு ஸ்ட்ரிங், ஸ்கொயர் பேரானார்மல் வரிசைல வர்ற பாரிடோன் (நீள ஸ்கேல் வச்சு கீழ் சுருதிக்குன்னே செய்யற கிடார்) கப்ரோனிட்டா டெலிகாஸ்டர், க்ரெட்ச் ஜெட் பாரிடோன்.

ஆர்ஜிடி 26.5 இன்ச். சாதாரண கிடார்லேந்து மாறறவங்களுக்கு இதுதான் கைக்கு ஈஸி, ஒரு இன்ச் தான் கூடுதல்ங்கறதால பழகுன ஸ்ட்ரெச் எல்லாம் அப்படியே வருது, லீட் வாசிக்கறவங்க தைரியமா எடுக்கலாம். நெக் மெலிசு, மேல் ஃப்ரெட்டுக்கு கை தடையில்லாம போகுது. டி, டிராப் சி (கீழ் ஸ்ட்ரிங்க சி க்கு எறக்கறது) வரைக்கும் ரொம்ப டைட்டா நிக்குது. பி க்கு எறக்குனா கேஜ் (ஸ்ட்ரிங் தடிமன்) கூட்டியே ஆகணும். ஏ க்கு இத நான் சொல்லமாட்டேன், 8 சதவீதம் கூடுதல் டென்ஷன வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் போக முடியாது.

கப்ரோனிட்டா 27 இன்ச். பாக்க டெலி, உள்ள சோப்பார் சிங்கிள் காயில் பிக்கப் ரெண்டு, ஸ்ட்ரிங் பாடிக்குள்ள பூந்து வருது. மெட்டலுக்கு ஹம்பக்கர் (ரெண்டு காயில் பிக்கப்) தான்னு நெனைக்கறவங்க இத திரும்பி கூட பாக்கமாட்டாங்க, ஆனா இத வாசிக்கும்போது தான் நான் மேல சொன்ன அந்த க்ளீன் டெஸ்ட் எவ்ளோ முக்கியம்னு காதுல விழுந்துச்சு, அதுக்கு காரணம் அந்த அண்ணன்.

அவரு அந்த கிடார் கடைக்கு வந்தது தன்னோட பாஸ் சர்வீஸ்க்கு குடுத்தத வாங்க. மேடைல நான் அவர பல தடவ பாத்திருக்கேன், பக்கத்துல நின்னு பேசுனது இல்ல. நான் ட்ரையல் ரூம்ல ஒரு 25.5 கிடார ஒப்பிட்டு பாக்கறதுக்காக ஏ க்கு எறக்கி வச்சு டிரைவ் (டிஸ்டார்ஷன்) போட்டு ரிஃப் அடிச்சிட்டிருந்தேன், கதவ தள்ளிட்டு தலைய நீட்டி "தம்பி, அந்த டிரைவ ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க, கிடார கேப்போம்" ன்னாரு. பண்ணேன். பெடல் ட்யூனர கீழ வச்சு "மெதுவா ஒரு தடவ தட்டுங்க" ன்னாரு, ஊசி கரெக்டா நடுவுல நின்னுச்சு. "இப்ப நீங்க வாசிக்கற மாதிரியே அடிங்க" ன்னாரு. அடிச்சேன், ஊசி சட்டுன்னு வலது பக்கம் ஓடி போய், அப்பறம் நிதானமா நடுவுக்கு திரும்பி வந்துச்சு. அவரு ஒண்ணும் பேசல, இன்னொரு தடவ அடிங்கன்னு கைய காட்டுனாரு, மறுபடி அதே ஓட்டம்.

அப்பறம் தான் சொன்னாரு, "பாம் மியூட்ல (உள்ளங்கைய ஸ்ட்ரிங் மேல வச்சு அடிக்கறது) நீங்க டக் டக்குன்னு போகும்போது ஜனங்க காதுல விழறதே அந்த மொத அடி மட்டும்தான் தம்பி, ஊசி நடுவுக்கு வர்றதுக்குள்ள அடுத்த நோட்டு வந்துடும், அப்ப உங்க ரிஃப் மொத்தமும் சுருதி ஏறியே நிக்குது, பாஸ் வாசிக்கற நான் கரெக்டா இருந்து என்ன பிரயோஜனம்?" இத இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் காட்டுனதில்ல. அப்பறம் தடி ஸ்ட்ரிங் போட்ட கப்ரோனிட்டாவ பி ட்யூனிங்ல அதே மாதிரி அடிக்க சொன்னாரு, ஊசி லேசா அசைஞ்சு உடனே அடங்கிடுச்சு. சுருதி ஒரு படி மேலதான், ஆனா ரெண்டு ரூம் தள்ளி கேட்டாலும் அதுதான் கனமா கேக்கும், ஏன்னா நோட்டு எதுன்னு தெரியுது.

அவர் பாஸ்காரர்ங்கறதால இன்னொரு விஷயமும் கேட்டேன், அண்ணே நாங்க இவ்ளோ கீழ வந்தா உங்களுக்கு எடம் இருக்கான்னு. சிரிச்சுட்டு "உங்க லோ ஏ இருக்கே, அது என்னோட மூணாவது ஸ்ட்ரிங் ஓப்பன். என் வீட்டுக்குள்ளயே வந்துட்டீங்க" ன்னாரு. நெஜம்தான், பாஸோட ஏ ஸ்ட்ரிங்கும் 55 ஹெர்ட்ஸ்தான். அதுக்கு அவரு சொன்ன தீர்வு, ஆம்ப்ல பாஸ் நாப்ப கொறைங்க, டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே லோ ஃப்ரீக்வன்ஸிய வெட்டுங்க. கேக்க தலைகீழா இருக்கும் ஆனா காரணம் இருக்கு. மெட்டல்காரங்க அதிகமா வச்சிருக்கற செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரோட ரேஞ்சே 70 ஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்குது, அதாவது அந்த 55 ஹெர்ட்ஸ் அடிநாதம் ஸ்பீக்கர்ல சரியா வர்றதே இல்ல, மேல இருக்கற 110, 165, 220 எல்லாம் கேட்டு நம்ம காதே கீழ இருக்கறத நிரப்பிக்குது. அப்ப அந்த மேல் ஹார்மோனிக்ஸ் சுத்தமா வர்றதுதான் கிடாரோட வேலை, கீழ பூமி அதிர்றது பாஸோட வேலை. ஹைகெய்ன் ஆம்புக்கு முன்னாடி ட்யூப் ஸ்க்ரீமர் வச்சு டிரைவ கம்மியா லெவல அதிகமா வைக்கறாங்களே, அந்த பெடல் லோவ வெட்டி அனுப்பறதும் அதுக்கு ஒரு முக்கிய காரணம்.

அவரு ஒரு பத்து நிமிஷம் இருந்திருப்பாரு, அதுக்குள்ள போன் வந்துச்சு, பாஸ தோள்ல மாட்டிக்கிட்டு கெளம்பிட்டாரு. போகும்போது "பிக்க கொஞ்சம் மெதுவா புடிங்க, ஸ்ட்ரிங்குக்கு மூச்சு விட எடம் குடுங்க" ன்னாரு. இவ்ளோ பெரிய ஆளு யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு நின்னு பொறுமையா காட்டிக் குடுத்துட்டு போறாரு, மனசு நெறஞ்சுடுச்சு.

மூணாவது க்ரெட்ச் ஜெட் பாரிடோன், 29.75 இன்ச். 1961ல ஃபெண்டர் கொண்டு வந்த பாஸ் 6 தோட ஸ்கேல் 30 இன்ச், அதுக்கு கால் இன்ச் தான் கம்மி, அப்ப எவ்ளோ நீளம்னு பாத்துக்கோங்க. பி ட்யூனிங்ல இந்த மூணுல இதுதான் ராஜா. மினி ஹம்பக்கர் ரெண்டு, க்ளீன்ல ஒரு ஓப்பன் கார்ட் போட்டா பியானோவோட இடது பக்கம் மாதிரி அகலமா விரியுது, டிரெமோலோ எஃபெக்ட் போட்டு மெதுவா ஒரு லைன் வாசிச்சா நேரம் போறதே தெரியல. ஆனா மொத நாலு ஃப்ரெட்ல விரல நல்லா விரிக்கணும், வேகமான ரிஃப் வாசிக்கறவங்களுக்கு கை சீக்கிரம் வலிக்கும். இத மெட்டலுக்கு எடுக்காதீங்கன்னு சொல்லல, நிதானமான டூம் மெட்டல், சினிமா பின்னணி மாதிரி ஆம்பியன்ட், ரெக்கார்டிங்ல பாஸுக்கு மேல இன்னொரு அடுக்கு, இதுக்கெல்லாம் இதுக்கு ஈடே இல்ல.

எந்த கிடார் எடுத்தாலும் செட்டப் பண்ணாம முடிவு சொல்லாதீங்க. தடி ஸ்ட்ரிங் போட்டா நட்ல (கிடார் தலை பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) இருக்கற பள்ளத்த ஃபைல் பண்ணி அகலமாக்கணும், இல்லன்னா ஸ்ட்ரிங் உள்ள உக்காராம மேல நிக்கும், ட்யூன் பண்ணும்போது டிங் டிங்குன்னு சத்தம் வந்து சுருதி தாவும். பழைய கிடார் ஒண்ண இப்படி மாத்த குடுத்தப்ப ஒரு எடத்துல நட்ட தேவைக்கு மேல ஆழமா அறுத்துட்டாங்க, ஓப்பன் ஸ்ட்ரிங் மொத ஃப்ரெட்லயே இடிச்சு ஜர்ருன்னுச்சு, புது நட்டே போட வேண்டியதாச்சு, அதனால வேலை தெரிஞ்சவங்க கிட்ட மட்டும் குடுங்க. இன்டனேஷனும் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி ஒத்து வர்றது) முக்கியம், தடி ஸ்ட்ரிங்குக்கு சேடில் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) நல்லா பின்னாடி போகணும், போக எடம் இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பிரிட்ஜ குனிஞ்சு பாருங்க. 12வது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் அதே ஃப்ரெட்ட அமுக்கி வாசிக்கற நோட்டும் ஒத்து வரணும், ட்யூனர்ல ரெண்டே நிமிஷ வேலை.

இன்னொண்ணு, எப்பயாவது ஒரு பாட்டுக்கு மட்டும் கீழ போகணும்னா புது கிடாரே வேணாம், டிஜிடெக் டிராப் மாதிரி சுருதிய எலக்ட்ரானிக்ஸ்லயே எறக்கற பெடல் போதும், ரெண்டு மூணு செமிடோன் வரைக்கும் நல்லாவே இருக்கு. அதுக்கும் கீழ போனா அடிக்கறதுக்கும் கேக்கறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தாமதம் விரலுக்கு தெரியும், சத்தமும் கொஞ்சம் பிளாஸ்டிக் ஆகிடும்.

நான் எடுத்தது கப்ரோனிட்டா. 14-68 செட் போட்டு பி ட்யூனிங்ல வச்சிருக்கேன், ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம்) கொஞ்சம் தூக்கலாதான், லோ கொறச்சு மிட் ஏத்தி வாசிக்கறேன், பேண்ட்ல பாஸ் வாசிக்கறவன் மொத பிராக்டீஸ்லயே இப்பதான்டா நான் வாசிக்கறது எனக்கே கேக்குதுன்னான். ஏ ட்யூனிங் கண்டிப்பா வேணும்ங்கறவங்க மட்டும் 28 இன்ச் இல்ல அதுக்கு மேல பாருங்க, ஐபனேஸ்லயே 28 இன்ச் பாரிடோன் வந்திருக்கு, கெடச்சா க்ளீன்ல ட்யூனர் வச்சு ஓங்கி ஒரு அடி அடிச்சு பாத்துட்டு எடுங்க.