ஊதா முத்திரை குத்தினால் அது தணிக்கை ஆகிவிடாது

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை.

எங்கள் பள்ளியில் மூன்று வகுப்பறைகளின் கூரை ஒழுகியது. தேவாலா, சேரம்பாடிப் பக்கத்து ஆடி மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தகடு மாற்றப் பிள்ளைக்கு 2,500 ரூபாய் கேட்டார்கள். தேயிலை பறிக்கிற வீட்டில் அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. ஆனாலும் பிள்ளை நனையக்கூடாதே என்று எல்லோரும் கொடுத்தார்கள். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு ரசீது கிடைத்தது. கைப்பேசி வழியாக அனுப்பியவர்களுக்கோ, திரையில் பள்ளியின் பெயர் வரவில்லை; அலுவலக எழுத்தரின் பெயர் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பள்ளிக் கணக்கில் போட்டால் எடுக்க நாளாகும் அண்ணா, வேலை நின்றுவிடும்" என்றார்.

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை வாசித்தார்கள். ஓர் அறைக்கு மட்டுமே கூரை மாறியிருந்தது; பணம் மட்டும் முழுவதும் செலவாகியிருந்தது. டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்து வந்திருந்த ஓர் அக்கா எழுந்து, மற்ற இரண்டு அறைகள் என்ன ஆயின என்று கேட்டார். தாளாளர் தாளைத் தூக்கிப் பிடித்து, "ஆடிட் முடிந்து முத்திரை விழுந்த கணக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஆடிட் என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

நான் மளிகைக் கடை நடத்துபவன். பில்லும் ரசீதும் பார்ப்பது அன்றாட வேலை. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஊதா மையில் வட்ட முத்திரை, நடுவில் 'தணிக்கையாளர்' என்ற எழுத்து, குறுக்கே ஒரு கிறுக்கல். பெயர் இல்லை, உறுப்பினர் எண் இல்லை, யூடின் எண்ணும் (ஒவ்வோர் ஆவணத்துக்கும் உரிய தனி அடையாள எண்) இல்லை. பட்டயக் கணக்காளர் கையெழுத்திடும் தணிக்கை அறிக்கை எதுவானாலும் 2019 ஜூலை 1 முதல் அதில் 18 இலக்க யூடின் எண் இருந்தாக வேண்டும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு அவருடைய உறுப்பினர் எண். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, உண்மையா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. பட்டயக் கணக்காளர் அல்லாதவர்கள் அவர்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு ஏமாற்றியதால்தான் இந்த ஏற்பாடே வந்தது.

விசாரித்தபோது, முத்திரைக்காரர் வரிப் படிவங்கள் நிரப்பித் தருகிறவர் என்று தெரிந்தது. பள்ளியின் ஆண்டுக் கணக்கை எழுதுபவரும் அவரே. அதாவது, எழுத்தர் பணம் வாங்குகிறார், அவரே ரொக்கப் புத்தகம் எழுதுகிறார், வங்கிப் பாஸ்புக்கும் அவர் மேசையில்தான். ஆண்டு முடிவில் அதைக் கூட்டிக் கழித்து எழுதித் தருபவரே, தான் எழுதியது சரி என்று முத்திரையும் குத்துகிறார். என் கடையில் கல்லாவில் இருக்கும் பையனே கொள்முதல் பில் எழுதி, இரவுக் கணக்கையும் முடித்தால் நான் எத்தனை நாள் கடை நடத்த முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழு எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். ஆனால் 2012 திருத்தத்தின்படி உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். எங்கள் குழுவிடம் ஆலோசனையும் யாரும் கேட்டதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டேன். "நாங்கள் தனியார் நிர்வாகம், எங்களுக்குப் பொருந்தாது" என்று பள்ளி எழுதியது. அரசின் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்த பிறகு நகல்கள் வந்தன.

தகடு வாங்கிய பில்கள் மூன்று. தேதி ஜூன், செப்டம்பர், ஜனவரி. பில் எண்களோ அடுத்தடுத்து 211, 212, 213. ஏழு மாதத்தில் அந்த ஹார்ட்வேர் கடைக்கு எங்கள் பள்ளியைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை போலும். பில்லில் அச்சடித்திருந்த ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன்: 14 எழுத்து. இருக்க வேண்டியது 15.

ஆனால் விஷயத்தை உடைத்தது லயன் வீடுகளின் தகரப் பெட்டிகள்தான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையை இன்றும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பவர்கள். ஒரு துண்டுத் தாளைக்கூட எறிய மாட்டார்கள். ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னோம். இரண்டு அம்மாக்களின் கையில் ஒரே எண், 118. பெயர் வேறு, தேதி வேறு, எண் மட்டும் ஒன்று. ஒன்றில் பள்ளியின் முகவரிக்குக் கீழே ஒரு கோடு அச்சாகியிருந்தது, மற்றதில் இல்லை. இன்னும் பல எண்கள் இப்படி இரட்டையாகக் கிடைத்தன. இரண்டு ரசீதுப் புத்தகங்கள் ஓடியிருக்கின்றன. கணக்கில் ஏறியது ஒன்றின் அடிக்கட்டை மட்டும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எல்லாவற்றையும் நகலோடு கொடுத்திருக்கிறோம். அடிக்கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னபோது, ஒரு புத்தகம் மழையில் நனைந்து அழிந்துவிட்டது என்று பள்ளி பதில் சொல்லியிருக்கிறது. கூரை ஒழுகியதால் லாபமடைந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். பணம் இன்னும் திரும்பவில்லை.

இதே ஆள் வேறு பள்ளிகளுக்கும் கணக்கு எழுதுவதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் பள்ளி அறிக்கையின் அடியில் பெயரும் எண்ணும் இல்லாத ஊதா வட்ட முத்திரை இருந்தால், அதைப் படம் எடுத்து, உங்கள் ரசீதுகளோடு சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுங்கள். மூல ரசீதை மட்டும் யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துத் தருகிறோம் என்று எங்களிடமும் கேட்டார்கள்.