மாகூரா, தேளியா? ஊசி போடுவதற்கு முன் ஒரு கணக்கு

சென்னை கொளத்தூரில் எங்கள் பக்கம் மொட்டை மாடியில்கூடத் தொட்டி கட்டி வைத்திருப்பார்கள். கோல்டு ஃபிஷ், கோய், கவுராமி, மோலி என்று கலர் மீன்தான் பல வீடுகளில் அடுப்பை எரியவைக்கிறது. அதே தொட்டியில் சாப்பிடுகிற மீனை வளர்த்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். காரணம் இருக்கிறது. செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கும், மாதவரம் கிடங்குகளுக்கும், மணலி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்கும் வங்காளம், பீகார், ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர்கள் உயிரோடு துள்ளுகிற மாகூரையும் சிங்கியையும் தேடி அலைகிறார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு இந்த மீனில் நீர்க்கக் குழம்பு வைத்துக் கொடுப்பது வங்காள வீடுகளின் வழக்கம். நம் ஆட்கள் வஞ்சிரத்தைத் தாண்டி வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சிங்கி என்று அவர்கள் சொல்வது நம் ஊர் தேளி. நெஞ்சுத் துடுப்பில் விஷ முள் இருக்கும் மீன். மாகூர் அதற்குத் தூரத்து உறவு, இரண்டும் கெளுத்தி வகைதான். முதுகுத் துடுப்பு கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீளமாக ஓடும். பழைய பாடப்புத்தகங்களில் இதற்கு ‘கிளாரியாஸ் பட்ராகஸ்’ என்று போட்டிருக்கும். அது ஜாவா தீவு மீனின் பெயர், நம்முடையது ‘கிளாரியாஸ் மாகூர்’ என்று பிறகு பிரித்துவிட்டார்கள். வெறுமனே ‘கெளுத்தி’ என்று சொன்னால் காசிமேட்டில் கடல் கெளுத்தியை எடுத்து நீட்டுவார்கள். அதனால் இங்கே மாகூர், தேளி என்றே எழுதுகிறேன்.

மூன்றாவதாக ஒருவன் எப்போதும் இந்தப் பேச்சில் நுழைவான்: ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஆறேழு மாதத்தில் ஒரு கிலோ. எதைப் போட்டாலும் தின்னும். கோழிக் கழிவு போதும். மாகூர் எட்டு, பத்து மாதம் ஆகியும் 100 முதல் 150 கிராமில் நிற்கும்போது, இந்தக் கணக்கைக் காட்டி ஆசை மூட்ட ஆள் இருக்கிறார்கள். ஆனால் 2000-லேயே மத்திய அரசு இதன் வளர்ப்புக்குத் தடை போட்டுவிட்டது. தடை காகிதத்தில் இருக்கட்டும், எங்கள் பகுதியின் தரை மட்டத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தொட்டி எது, தெரு எது என்று தெரியவில்லை. அலங்கார மீன் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று விட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் இன்று சென்னை ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் கலர் மீன் தொழிலான எங்களுக்கும் பங்குண்டு. இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். மாகூர் என்று சொல்லி ஆப்பிரிக்கக் குஞ்சையோ, இரண்டுக்கும் பிறந்த கலப்பையோ தள்ளிவிடுவதும் நடக்கிறது. தலையின் பின்விளிம்பைப் பாருங்கள்: ஆப்பிரிக்கனுக்கு அது மூன்று முனையாக ஆங்கில ‘டபிள்யூ’ போல இருக்கும், மாகூருக்கு ஒரே முனைதான். சந்தையில் ஒரு மீனே ஒரு கிலோ இருக்கும்போது அதை ‘நாட்டு மாகூர்’ என்று விற்றால், அந்த எடையே போதும் சந்தேகப்பட.

சரி, மிச்சம் இருப்பது இரண்டு பேர்.

ஊசி: எதைப் போடுவது?

இரண்டு மீனும் மழையைப் பார்த்துச் சினை விடுகிறவை. தொட்டியில் வளர்ந்தால் வயிறு நிறைய சினை இருக்கும், ஆனால் வெளியே விடாது. தண்ணீர் ஏறுவது, வயல் மூழ்குவது, புது மண் வாசனை என்று மூளைக்குப் போகவேண்டிய சேதி எதுவும் தொட்டியில் போகாது. அந்தச் சேதியைத்தான் ஊசியில் அனுப்புகிறோம்.

பழைய வழி, கெண்டை மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி இந்த முறையில் இந்தியக் கெண்டைகளைச் சினை விட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். மலிவான வழி இது. மீன் சந்தையில் வெட்டிப்போடும் முற்றிய கட்லா, ரோகு தலைகளைக் கேட்டு வாங்கி, மண்டையைத் திறந்து, கடுகு போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியை எடுத்து, சுத்த ஆல்கஹாலில் போட்டு வைத்து, தேவைப்படும்போது அரைத்துத் தெளிவை ஊசியில் ஏற்றவேண்டும். மாகூர் பெண்ணுக்குக் கிலோவுக்கு 30 முதல் 40 மில்லிகிராம். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில், அந்தத் தலை எத்தனை நாள் ஐஸில் கிடந்தது, அந்த மீன் சினைப் பருவத்தில் இருந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரே எடை போட்டாலும் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. மில்லிகிராம் நிறுக்கும் தராசு எந்த வீட்டில் இருக்கிறது? சுத்த ஆல்கஹாலை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

எச்.சி.ஜி. என்று இன்னொன்று உண்டு. மனிதர்களுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சையில் போடுகிற மருந்து. மீனுக்குக் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான யூனிட் தேவை. விலையைக் கேட்டால் நமக்கே ஊசி தேவைப்படும். விடுங்கள்.

மூன்றாவது, குப்பியில் தயாராக வரும் மருந்து. ஓவாப்ரிம், ஓவாடைடு, வோவா எஃப்.எச். எல்லாம் இந்த வகை. பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும் செயற்கை ஹார்மோனோடு, அந்தச் சுரப்பியை அடக்கி வைத்திருக்கும் டோபமைனைத் தடுக்கும் மருந்தும் இதில் சேர்ந்திருக்கும். ஓவாப்ரிமில் அந்தத் தடுப்பு மருந்து டோம்பெரிடோன், அதாவது வாந்திக்கு நாம் போடுகிற அதே மாத்திரையின் சரக்கு. ஒருபக்கம் ஆக்ஸிலரேட்டர், மறுபக்கம் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவது. கலப்பது, நிறுப்பது ஒன்றும் இல்லை. ஒரே ஊசி.

இதில் உள்ள குறை, விலை அதிகம் என்பதுதான். ஆனால் அதைப் பங்கு போட்டுக் கடக்கலாம். 150 கிராம் மாகூர் பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.8 மில்லி என்று வைத்தால் 0.12 மில்லிதான் வருகிறது. 10 மில்லிக் குப்பி எண்பது மீனுக்கு மேல் வரும். ஷார்க் வகைக் கலர் மீனுக்கு ஊசி போடுகிற பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வாங்கினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அதுவும் நான் பட்டது. சர்க்கரை நோய்க்கான இன்சுலின் சிரிஞ்சுதான் இந்தச் சின்ன அளவுக்குத் தோது. அதில் இரண்டு வகை. நூறு கோடு ஒரு மில்லி என்பது ஒன்று, நாற்பது கோடு ஒரு மில்லி என்பது மற்றொன்று. முதல் தடவை வீட்டில் அப்பாவுக்கு வைத்திருந்த நாற்பது கோட்டு சிரிஞ்சை எடுத்து, நூறு கோடு என்று நினைத்து, பன்னிரண்டாவது கோடு வரை ஏற்றிவிட்டேன். 0.12 போகவேண்டிய இடத்தில் 0.3 போயிற்று. முட்டை வந்தது, ஆனால் பெரும்பகுதி மறுநாளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. மூடியின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், கோட்டை எண்ணுங்கள்.

பிழிவதா, தானாக விடவைப்பதா?

மாகூரும் தேளியும் வழி பிரிகிற இடம் இது. மாகூரைப் பொறுத்தவரை நம்பகமான வழி பிழிந்தெடுப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊசி போட்டால், தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும்போது 16, 17 மணி நேரம் கழித்து, அதாவது மறுநாள் காலை ஒன்பது, பத்துக்கு வயிற்றை மெல்ல அழுத்தினால் பழுப்பு முட்டை கயிறாக விழும். முந்தினால் வராது, பிந்தினால் முட்டை கெட்டுவிடும். ஆண் மீனைப் பிழிந்தால் விந்து வராது. வயிற்றைக் கீறி விந்துப்பையை எடுத்து, 0.9 சதவீத உப்புக் கரைசலில் நசுக்கித்தான் முட்டையோடு கலக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல ஆண் சாகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மாகூரை அழியும் ஆபத்தில் உள்ள மீன் என்று பட்டியலிட்டிருக்கிறது. அதைப் பெருக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஏரியிலிருந்து மீனைப் பிடித்து வந்து கீறுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பண்ணையில் வளர்ந்த ஜோடி கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

தேளிக்கு இந்த ரத்தம் தேவையில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊசி போட்டு, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று ஆழமில்லாத தொட்டியில் விட்டு, ஆகாயத்தாமரை நாலு செடி போட்டு, மேலிருந்து ஷவர் மாதிரி தண்ணீர் தெளித்தால் போதும். ராத்திரி நீங்கள் தூங்கலாம். விடிகிற நேரத்தில் பச்சை நிற முட்டை அடியில் ஒட்டியிருக்கும். தாய்மீன்களை உடனே எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் காலைப் பலகாரம் அதுதான். பெண்ணின் இனத் துவாரம் பொத்தான் போல வட்டமாகவும், ஆணுக்குக் கூராகவும் நீண்டும் இருக்கும். கோல்டு ஃபிஷ்ஷில் ஆண் பெண் பிரித்துப் பழகிய கண்ணுக்கு இது பத்து நிமிடப் பாடம்.

கையாளும்போது மட்டும் ஜாக்கிரதை. தேளி முள் குத்தினால் கை முழுக்கத் தெறிக்கும், மணிக்கணக்கில் இருக்கும். தாங்கும் அளவு சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், சூட்டில் அந்த விஷம் சிதைந்துபோகும் என்பதால். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஈரத்துணி போட்டுப் பிடித்தால் இந்தக் கதையே வேண்டாம்.

முதல் பதினைந்து நாள்

இதுவரை படித்தால் தேளிதான் ஜெயித்தது என்று தோன்றும். ஊசி விஷயத்தில் ஜெயித்ததுதான். ஆனால் ஊசி ஒரு ராத்திரி வேலை. பொரிந்த குஞ்சைப் பதினைந்து நாள் கடத்துவதுதான் தொழில்.

மாகூர்க் குஞ்சு ஒரு நாளில் பொரியும். பிறக்கும்போதே கொஞ்சம் கனமாக இருக்கும். மூன்று, நான்கு நாளில் வயிற்றோடு கொண்டுவந்த மஞ்சள் கரு தீர்ந்ததும் ஆர்ட்டீமியா, மொய்னா போன்ற பொடி உயிர்த்தீனி எதுவானாலும் கவ்வும். தேளிக் குஞ்சு அதைவிடப் பொடி. அதன் வாய்க்கு மொய்னாவில் பெரியது நுழையாது. நுண்ணிய வலையில் சலித்துப் பொடிசை மட்டும் போடவேண்டும், அல்லது முதல் சில நாளுக்கு அதைவிடச் சின்ன உயிர்த்தீனி தயாராக இருக்கவேண்டும். தீனி ஒரு வேளை தவறினால் ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பிக்கும். வாலைக் கவ்வியபடி, விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இரண்டும் செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை பெரிசு, சிறிசு பிரித்தே ஆகவேண்டும்.

பத்தாவது நாளை ஒட்டி இரண்டுக்கும் ஒரு கண்டம் உண்டு. செவுளோடு நிற்காமல் மேலே வந்து காற்றை விழுங்கப் பழகும் பருவம் அது. மாகூருக்குச் செவுள் அறைக்குள் பூங்கொத்து போல ஓர் உறுப்பும், தேளிக்கு முதுகோரமாக ஓடும் நீளக் காற்றுப் பையும் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும். தண்ணீர் ஆழமாக இருந்தால் மேலே ஏறி இறங்கியே குஞ்சு களைத்துச் சாகும். ஒரு சாண்கூட வேண்டாம், நாலு விரல்கடை ஆழம் போதும். ‘காற்றைச் சுவாசிக்கிற மீன்தானே, ஏரேட்டர் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இந்தப் பத்து நாளில்தான் பாடம் படிக்கிறார்கள். அதுவரை அது சாதாரண மீன், காற்று ஓடவேண்டும்.

குளோரின் நெடி போகாத குழாய்த் தண்ணீர், இரும்பு கலந்த போர் தண்ணீர் இரண்டுமே குஞ்சுக்கு எமன். இதைக் கொளத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உண்மையில் நமக்கு இருக்கிற பெரிய பலமே இதுதான். மொய்னா எங்கே கிடைக்கும், டியூபிஃபெக்ஸ் புழுவை எத்தனை தடவை அலசவேண்டும், பூஞ்சைக்கு மெத்திலீன் புளூ எவ்வளவு என்பதெல்லாம் இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். பெரிய மண் குளம் வைத்திருக்கும் விவசாயி இந்த இடத்தில்தான் தடுமாறுவார்.

குஞ்சை வாங்கிவிட்டால்?

இடமும் ஆளும் குறைவு என்றால் அதுவும் வழிதான். விரல் நீளக் குஞ்சாக வாங்கினால் சாவு குறைவு. ஆனால் மேலே சொன்ன ஆப்பிரிக்கக் கலப்பு அபாயம் அங்கேதான் அதிகம், சின்னதில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே போய் இனம் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு வரலாம்.

வளர்க்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடித் தார்ப்பாய்த் தொட்டியில் மாகூர் வளரும், ஆனால் வெயிலுக்கு வலை கட்டவேண்டும், ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டு போடவேண்டும், தீனி சாயங்காலம்தான். சோழவரம், பொன்னேரிப் பக்கம் மண் குளம் குத்தகைக்கு எடுத்தால் தீனிச் செலவு குறையும். செங்குன்றத்துத் தவிடு பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் மழை பெய்த இரவில் கரையேறி நடந்து போய்விடும். சுற்றி வேலி இல்லாமல் மாகூரை விட்டால் அடுத்தவன் வயலில்தான் அறுவடை.

நான் என்ன செய்கிறேன் என்றால், விற்பனைக்கு வளர்ப்பது மாகூர், குஞ்சு பொரிக்க வைப்பது தேளி. மாகூரை உயிரோடு ஞாயிறு காலைக்குள் கொடுத்தால்தான் விலை. செத்தால் பாதிக்குக் கேட்பார்கள். தேளிக் குஞ்சை வாங்க ஆள் இருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பதினைந்து நாளை அவர்கள் கடக்கத் தயாராக இல்லை. போன மழைக்கு முன் தொட்டியின் சுவரை ஒன்றரை அடி உயர்த்தி, மேலே வலை அடித்துவிட்டேன். அந்தச் செலவு இன்னும் திரும்பி வரவில்லை.