தனித்தனி டிக்கெட்டில் பாலி: சிங்கப்பூர் வழியா, கோலாலம்பூர் வழியா?

சென்னையிலிருந்து பாலிக்கு இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகப் போட்டால் சில சமயம் நல்ல காசு மிச்சமாகும். ஆனால் நடுவில் எந்த ஊர் என்று முடிவுசெய்யும்போது விலைக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இதில் நேரெதிர்.

சிக்கலே பெட்டியில்தான் இருக்கிறது. ஒரே டிக்கெட் என்றால் சென்னையில் போட்ட பெட்டி பொதுவாகப் பாலியில்தான் கைக்கு வரும். தனி டிக்கெட்டில் முதல் விமானம் தரை தொட்டதும் அந்த நிறுவனத்தின் வேலை முடிந்தது, பெட்டியை பெல்ட்டில் போட்டுவிடுவார்கள். பெல்ட் இருப்பது இமிக்ரேஷனுக்கு அந்தப் பக்கம். பெட்டியை எடுக்கவே அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும்.

சிங்கப்பூருக்குள் நுழைய இந்தியர்களுக்கு விசா வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை தங்கும் டிரான்சிட் சலுகை உண்டு. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால்தான். பாலியில் இறங்கி எடுக்கும் விசா இதற்குச் செல்லாது. கைப்பை மட்டும் என்றால் கதை வேறு: அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் முன்கூட்டியே இருந்தால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் பக்கம் போகாமலே மாறிவிடலாம். அப்போதும் சென்னை கவுண்டரைத் தாண்ட வேண்டும். அங்கே திரையில் தெரிவது சிங்கப்பூரோடு முடியும் டிக்கெட். ஆவணம் இல்லாதவரை ஏற்றிப்போனால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்ற மாட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் அச்செடுத்தே கொண்டுபோங்கள்.

கோலாலம்பூரில் இந்தத் தலைவலி இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. கவனிக்க வேண்டியது டெர்மினலை: ஏர் ஏஷியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் முதலாவதில். இரண்டு விமானமும் வேறுவேறு டெர்மினல் என்றால் வெளியே வந்து ரயிலேறி மாற வேண்டும். ரயில் சில நிமிடம்தான், இமிக்ரேஷன் வரிசைதான் நேரத்தைத் தின்னும். ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான்.

பெட்டியோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு கோலாலம்பூருக்கே. சிங்கப்பூர் டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் விசாவுக்கான 30 சிங்கப்பூர் வெள்ளியையும் முகவர் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: சிங்கப்பூருக்கு விசா வேண்டாம், மலேசியாவுக்கு வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தால் மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிடுங்கள்.